வாங்குவதற்கு முன்னால்



பத்ரகாளியம்மன் கோயில் கொண்ட அம்பகரத்தூரில் நின்று, தேவாலயத்துக்கு எந்திரம் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறேன். ஊர்ப்பணத்தில் பொருள் வாங்கும் எல்லோருக்கும் இது பொதுவான பேச்சுதான். இதற்கான பாடமும் தூரத்தில் இல்லை. பூவம் தாண்டினால் பொறையாறு, அதையடுத்துத் தரங்கம்பாடி.

1706 ஜூலையில் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு அங்கே கரையிறங்கினார். வந்ததும் அச்சு எந்திரம் கேட்கவில்லை. தமிழ் படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், ஆள் வைத்துப் பிரதி எடுத்தார். கையால் எழுதி மாளாது என்று கண்ட பிறகுதான் அச்சு வேண்டும் என்றார். இன்று பல சபைகளில் இது தலைகீழ். பக்கத்து ஊரில் எல்இடி திரை வந்துவிட்டால் நமக்கும் வேண்டும்; எதற்கு என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்!

இங்கிலாந்திலிருந்து அச்சு எந்திரம் புறப்பட்டது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். பிறகு அது மீண்டு வந்தது. ஆனால் அச்சடிக்கத் தெரிந்தவர் பயணத்திலேயே இறந்துபோனார். 1712இல் எந்திரம் வந்தது, ஆள் வரவில்லை. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் படையில் அந்தத் தொழில் தெரிந்த ஒரு சிப்பாயைத் தேடிப் பிடித்து வேலையைத் தொடங்கினார்கள். 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவையோ மிகப் பெரியவை. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. இன்னொரு கப்பலுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை, இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத்தை உருக்கினார்கள் என்கிறது வரலாறு. 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்கும் பட்டறை போட்டார்கள். பொறையாற்றுப் பக்கம் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

எந்திரம் வெளியூரிலிருந்து வரலாம், ஐயா. அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த கை உள்ளூரில் இருக்க வேண்டும். ஒலி மிக்ஸரை இயக்க ஒரே ஒரு பையனுக்குத்தான் தெரியும். அவன் சிங்கப்பூர் போய்விட்டால் ஞாயிறு முழுக்க மைக் ஊளையிடும். யூடியூப் நேரலையின் பாஸ்வேர்டு ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும். சபையின் சொத்து ஒரு தனி ஆளிடம் சிக்கிக்கொண்ட கதை இது.

ஒலியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். உயரமான கூரையும் வெறும் சுவரும் உள்ள தேவாலயத்தில் ஓசை மோதித் திரும்பும். அங்கே பிரசங்கம் புரியவில்லை என்று பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் எதிரொலிதான் பெருகும். சின்ன ஸ்பீக்கர்களைச் சனங்களுக்குப் பக்கத்தில், அவர்களைப் பார்த்துத் திருப்பி வைத்தால் சொல் தெளியும், காசும் மிஞ்சும். சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அடுத்தவர் அமைதியைக் குலைத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000இல் தீர்ப்பு வந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது விதி. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையும் காய்ச்சலில் படுத்திருக்கிற பாட்டியும் எந்த மதமாக இருந்தால் என்ன?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது காவிரி டெல்டாவில் எத்தனையோ ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பாட்டையெல்லாம் திரையில் ஏற்றிவிட்டுப் பாட்டுப்புத்தகத்தை மூட்டை கட்டிய சபை, அப்படிப்பட்ட நாளில் எதைப் பார்த்துப் பாடும்? திரை இருக்கட்டும், புத்தகமும் பெஞ்சில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பு போடுகிறார்கள். இன்ன வீட்டுப் பெண்ணுக்கு இன்ன நோய் என்று பெயரோடு போகிறது. மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணைக் கேட்டீர்களா? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் படத்தைப் பெற்றவர்களைக் கேட்டுத்தான் ஏற்றினீர்களா? 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. அந்தச் சட்டம் வராவிட்டாலும் கேட்டிருக்க வேண்டியதுதானே?

பங்குப்பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியலுக்குக் கீழே, ஐந்து வருஷத்துக்கு ரிப்பேர் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். உப்புக்காற்று வயரையும் பிளக்கையும் அரிக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். பாஸ்வேர்டு இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். மிக்ஸரைக் கற்றுக்கொள்ள நாலு பிள்ளைகளைச் சேருங்கள். அதில் இரண்டு பேர் பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். வருகிற சனிக்கிழமையே பாட்டு ஒத்திகையில் அவர்களை உட்கார வையுங்கள்.