வெள்ளமும் வீட்டுக் காப்புறுதியும்

(சிலாங்கூர்க் கரையோரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



மழை என்றதும் பால்வெட்டு நின்றுபோகுமே என்ற கவலைதான் நமக்கு முதலில் தோன்றும். ஆனால் அதே மழை வெள்ளமாகி வீட்டினுள் புகுமாயின், அன்றைய கூலி மட்டுமன்று, பல்லாண்டு உழைப்பில் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள்களும் ஓரிரவில் அழிந்துவிடும். அவ்விழப்பை ஈடுசெய்யும் வழியைப் பற்றியே இன்று நாம் பேசவிருக்கிறோம்.

வெள்ளம் கிளந்தான், திரங்கானு மக்களுக்குரிய துன்பம் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையையே பெரிதும் வருத்துகிறது என்பது உண்மையே. ஆயினும், 2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெய்த பெருமழை அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர். அவ்வாண்டின் வெள்ளங்களால் நாட்டுக்கு 610 கோடி ரிங்கிட் நட்டம் நேர்ந்தது என்றும், அதில் குடியிருப்புகளின் நட்டம் மட்டும் 160 கோடி ரிங்கிட் என்றும் புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது.

நாம் வாழும் கரையோரம் தாழ்ந்த நிலம். கடல் பெருகும் வேளையில், உப்புநீர் உட்புகாதிருக்க மதகுகளை மூட வேண்டும். அந்நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால், வாய்க்கால் நீர் வடிய வழியின்றி நம் வாசலை நோக்கித் திரும்பும்.

'எங்கள் வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறதே' என்று சிலர் கூறலாம். வங்கிக் கடனில் வீடு வாங்கியோர் பலர் தீக் காப்புறுதி எடுத்திருப்பர். அதன் அடிப்படைப் பத்திரம் தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்கே ஈடு தரும். வெள்ளத்தைத் தனியே கேட்டு, அதற்குரிய கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். வீட்டுடைமையாளர் காப்புறுதி எனப்படும் மற்றொரு வகையில் வெள்ளமும் அடங்கும். ஆனால் அதுவும் கட்டடத்துக்கே உரியது. வீட்டிலுள்ள பொருள்களுக்கு வேறு காப்புறுதி உண்டு.

தோட்ட லயத்தில் குடியிருப்போர் இதை நன்கு உணர வேண்டும். லயம் நிர்வாகத்தின் உடைமை. அதனுள் இருக்கும் அலமாரி, குளிர்பதனப் பெட்டி, தையல் இயந்திரம் ஆகியவை நம் உடைமை. சொந்த வீடு இல்லாதோரும் தம் பொருள்களுக்குக் காப்புறுதி கோரலாம். பலகை வீடாயின், அதனை மறைக்காமல் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும்.

கட்டணத்தைக் குறைக்க எண்ணி மதிப்பைக் குறைத்துக் காட்டுதல் தவறு. மீண்டும் கட்ட 100,000 ரிங்கிட் தேவைப்படும் வீட்டை 50,000 ரிங்கிட்டுக்கே காப்புறுதி செய்தால், 20,000 ரிங்கிட் நட்டத்துக்கு ஏறத்தாழப் பாதித் தொகையே கிடைக்கக்கூடும். காருக்கும் இவ்வாறே கவனம் வேண்டும். முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், வெள்ளத்தைத் தனியே சேர்த்தாலன்றிப் பொதுவாக ஈடு கிடைக்காது.

வெள்ளம் வடிந்தபின், துப்புரவு செய்வதற்கு முன்னரே சேதத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். மதிப்பீட்டாளர் பார்வையிடும் வரை கெட்டுப்போன பொருள்களை எறிந்துவிட வேண்டாம். பத்திரத்தையும் அடையாளக் கார்டையும் நீர் புகாத உறையிலிட்டு உயரமான இடத்தில் வையுங்கள்.

2021 வெள்ளத்தின்போது அரசாங்கம் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 1,000 ரிங்கிட் கருணைத் தொகை வழங்கியது. அது முதல் சில நாட்களின் துயரைத் தணிக்கும் உதவி. இழந்த உடைமை முழுவதையும் அது மீட்டுத் தர இயலாது. எஞ்சியதற்கு நாமே முன்கூட்டி வழி தேடிக்கொள்ள வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் என்பது இதுவே.

ஆகவே, இல்லம் திரும்பியதும் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். விளங்காவிடில் படித்த பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். முகவரிடம், 'இதில் வெள்ளம் அடங்குமா? எங்கள் பொருள்களும் அடங்குமா?' என்று கேளுங்கள். அடங்கும் என்றால், அது பத்திரத்தில் எழுதப்பட்டுள்ள இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வானம் தெளிந்திருக்கும் நாளே இதற்கு ஏற்ற நாள்.