நோயாளர் குறையும்போது கூடும் பொறுப்பு

இன்று பட்டம் பெறும் இளம் வைத்தியர்களே,

உங்களில் சிலராவது தொற்றுநோய் மருத்துவத்தையும் அதன் ஆய்வையும் வாழ்நாள் பணியாக ஏற்க வேண்டும். நோயாளர் தொகை குறையக் குறையப் பொறுப்புக் கூடும் துறை அது. நம் இலங்கையின் மலேரியா வரலாறே இதற்குச் சான்று. 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. அவற்றில் நுளம்பு பெருகி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. பிறகு டீடீடீ தெளிப்பும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்து, 1963இல் நோயாளர் தொகையை 17 ஆக்கின. வென்றுவிட்டோம் என்று தெளிப்பை நிறுத்தினோம், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது.

அந்தச் சறுக்கலிலிருந்து மீள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் காமினி மெண்டிஸும் அவரது குழுவினரும், நோயாளியின் குருதியில் உண்டாகும் பிறபொருளெதிரிகள் நுளம்புக்குள் ஒட்டுண்ணி வளர்வதையே தடுக்கக்கூடும் என்று காட்டினர். மலேரியா தடை இயக்கத்தினர் போர்க்காலத்திலும் வடக்கு, கிழக்கில் பணியைக் கைவிடவில்லை. உள்நாட்டுத் தொற்றுச் சங்கிலியின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை வழங்கியது.

இல்லாத நோய்க்கு ஏன் செலவு, அந்தப் பணத்தை நீரிழிவுக்கும் சிறுநீரக நோய்க்கும் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் போனது ஒட்டுண்ணி மட்டுமே. நுளம்பு இங்கேயே இருக்கிறது. சான்றிதழ் கிடைத்த சில மாதங்களிலேயே, கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகக்கூடிய புதிய மலேரியா நுளம்பினம் மன்னாரில் கண்டறியப்பட்டது. 2018இல், வெளிநாட்டில் தொற்றி வந்த ஒருவரிடமிருந்து இங்கிருந்த ஒருவருக்கு நோய் பரவியது. அது பெருகாமல் நின்றதற்குக் காரணம், கண்காணிப்பு இம்முறை விழித்திருந்ததுதான். இருக்கும் நோயே போதாதா என்பாரும் உண்டு. 2017இல் 1,86,000 பேரைப் படுக்கவைத்த டெங்கு, கொழும்பில் புதுக்கடை ஒழுங்கைகளையும் வெள்ளவத்தை மாடிவீடுகளையும் ஒன்றாகவே தாக்கியது உண்மை. அதிலிருந்தும் நம்மைக் காக்கப்போவது இதே ஆய்வுகூடங்களும் இதே பயிற்சியுமே.

எனவே ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும், காய்ச்சலோடு வருபவரிடம் எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள் என்று கேளுங்கள். சந்தேகம் எழுந்தால் ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.