பாகமும் கோர்ட்டும்: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



எனக்கு "சிவில் சட்டம்" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை, பத்தாவது படித்தவள். சட்ட விழிப்புணர்வு முகாம்களில் கேட்டதையும், எங்கள் குழு அக்கா ஒருத்தருக்குத் துணையாகத் திண்டுக்கல் கோர்ட்டுக்குப் போய் வந்ததில் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

அடிதடி, திருட்டு என்றால் கிரிமினல். அதில் குற்றவாளிக்குத் தண்டனை. நிலம், வீடு, பாகம், வரப்புத் தகராறு, கடன் பாக்கி இதெல்லாம் சிவில். இங்கே யாருக்கு என்ன உரிமை என்பதுதான் கேள்வி. அதனால ஸ்டேஷன்ல போய், "பாகம் பிரிச்சுக் குடுங்கய்யா"ன்னு கேட்டா அவங்களால முடியாது. தாசில்தார் ஆபீசில் பட்டா மாற்றித் தருவார்கள். ஆனால் சொத்து யாருடையது என்று தகராறு வந்தால், முடிவு சொல்வது சிவில் கோர்ட்டுதான்.

முன்சீப் கோர்ட்டு, சப் கோர்ட்டு, மாவட்டக் கோர்ட்டு என்று படிப்படியாக இருக்கிறது. சொத்தின் மதிப்பைப் பார்த்து எங்கே வழக்குப் போடுவது என்று வக்கீல் சொல்வார். ஹைகோர்ட்டு வரை போக வேண்டியிருந்தாலும் 2004-லிருந்து மதுரையிலேயே கிளை இருக்கிறது.

இப்போது பாகத்துக்கு வருகிறேன். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாக வர 60 வருஷம் ஆனது. 1989-இல் இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று வந்தது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. 2005-இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியபோது அந்தத் தடையும் போனது. 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை, வேண்டியதில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்து வைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே முறைப்படி பாகம் பிரித்துப் பதிவு பண்ணியிருந்தால் அதைக் கலைக்க முடியாது.

அப்பா தானே சம்பாதித்த சொத்து வேறு. அதை அவர் யாருக்கும் உயில் எழுதலாம். எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய அம்மா எல்லாருக்கும் சம பங்கு. கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்குச் சட்டம் வேறு. ஆனாலும் பெண்ணுக்குப் பங்கே இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நான் சொன்ன அக்காவை அவருடைய அண்ணன், "லோனுக்கு ஒரு கையெழுத்து"ன்னு ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். வாங்கிப் படித்தால் அது விடுதலைப் பத்திரம். எனக்குப் பாகம் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. அக்கா கையெழுத்துப் போடவில்லை. கொஞ்ச நாளில் நிலத்தை விற்கப் பேச்சு நடக்குது என்று தெரிந்தது.

கோர்ட்டு வளாகத்தில் இருக்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா நகல் கொண்டுபோனோம். பாக வழக்குப் போட்டதோடு, வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்கினார் வக்கீல்.

பிராது கொடுத்ததும் எதிராளிக்குச் சம்மன் போகும். அவர் பதில் போட வேண்டும். பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு. நடுவில் வாய்தா மேல் வாய்தா வரும், மனசு விடக் கூடாது. பாக வழக்கில் தீர்ப்பாணை இரண்டு தடவை. முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்வார்கள். பிறகு கமிஷனர் வந்து அளந்து எது யாருக்கு என்று இறுதித் தீர்ப்பாணை. முதலாவது வந்ததுமே ஜெயித்தாச்சு என்று பேப்பரை பீரோவில் வைத்துவிடாதீர்கள்.

அக்கா வழக்கு லோக் அதாலத்தில் சமரசம் ஆனது. அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட்டு ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், அப்பீலும் கிடையாது. அதனால் ஒத்துக்கொள்ளும் முன் எழுதினதை முழுசாப் படிக்க வேண்டும். "அரை ஏக்கர் தர்றேன்"னு அண்ணன் சொன்னபோது, அக்கா, "கிணத்துல முறைத் தண்ணியும் வண்டிப் பாதையும் சேத்து எழுதுங்க"ன்னு கேட்டாங்க. நம்ம வறண்ட பூமியில தண்ணியும் பாதையும் இல்லாத அரை ஏக்கரை வச்சு என்ன பண்றது? எழுதினார்கள். இப்போது அதில் மல்லிகை போட்டிருக்கிறார். அண்ணன் வீட்டோடு பேச்சுவார்த்தை ஒரு வருஷம் இல்லை. போன வருஷம் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்தார்கள், அக்காவும் போய் மொய் எழுதிட்டு வந்தாங்க.

இன்னும் இரண்டு விஷயம். கடன் வழக்கில் சம்மன் வந்தால் வாங்காமல் ஒளியக் கூடாது. கோர்ட்டுக்குப் போகாவிட்டால், நம் பக்கம் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடும். அப்படி வந்தாலும் 30 நாளுக்குள் மனுப் போட்டுத் தகுந்த காரணம் காட்டி ரத்து பண்ணக் கேட்கலாம். அதே மாதிரி, புரோநோட்டில் நாம் கொடுத்த கடனுக்கு 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டை வாசித்துக் காட்டிய பிறகுதானே கையெழுத்துப் போடுகிறோம்? பிறந்த வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். விருப்பப்பட்டு விட்டுக் கொடுப்பது உங்கள் இஷ்டம். ஆனால் எதை விட்டுக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.