மாதவிடாய் நின்றால்: வால்தம்ஸ்டோ கூட்டத்தில் பேசியது
மாதவிடாய் வரவில்லை என்று எங்கட வீடுகளில சொன்னால் இரண்டு பதில்தான் வரும். கலியாணம் கட்டியிருந்தால் வாழ்த்து, கட்டாவிட்டால் விசாரணை.

கர்ப்பம் ஒரு காரணம்தான். தைரொயிட், பிசிஓஎஸ் போல வேறு காரணங்களும் உண்டு. சாப்பாடு குறைந்து, வேலையும் மனஅழுத்தமும் கூடினால், சூலகத்தை இயக்கும் சமிக்ஞையை மூளையே குறைத்துவிடும். ஈஸ்ட்ரோஜன் குறையும், நாளடைவில் எலும்பு பலமிழக்கும். அதனால் தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் ஜிபியிடம் போங்கோ. கர்ப்பப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, தேவையென்றால் ஸ்கேன். சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. தைரொயிட் குறைவுக்கு மாத்திரை. பிசிஓஎஸ் என்றால் கருப்பையின் உட்சுவரைக் காக்க ஹோர்மோன். பட்டினிக்கும் களைப்புக்கும் சாப்பாடும் ஓய்வும்.

ஆனா ஓய்வு யாருக்குக் கிடைக்குது? மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒப்பந்தக்காரருக்குத் தண்டம் கட்டவேணும். 2019இல் மாநில அரசின் குழு விசாரித்த 82,000க்கு மேற்பட்ட பெண்களில் 13,000க்கு மேற்பட்டோர் கருப்பையை அகற்றியிருந்தார்கள். பலருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அங்கே மாதவிடாய் நின்றதற்குக் கூலிமுறையும் ஒரு காரணம்.

இங்கே ஜிபி “கொஞ்சம் ஓய்வெடுங்கோ” என்று சொல்லுவார். சரியான ஆலோசனைதான். ஜீரோ அவர் ஒப்பந்தத்தில இரவுவேலை செய்யிற பிள்ளை எப்படி ஓய்வெடுப்பாள்? சம்பளத்தோட சுகயீன லீவு கேட்டு நாங்கள் நிற்கும்போது, இதையும் வாய்விட்டுச் சொல்லுவோம்.