இசைத்தட்டும் ஏடும்

வேற்று மாநிலங்களில் வாழும் நம்மிற் பலர் பழைய இசைத்தட்டுகளைப் பேணி வருகிறோம். நிமிஷத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டு, பக்கத்திற்கு ஏறத்தாழ 3 நிமிஷங்களே பாடும், கைதவறினால் நொறுங்கும். சென்ற முறை நாம் வீடு மாறியபோது சில தட்டுகள் உடைந்தன. துண்டுகளையும் கூலியாட்கள் பெருக்கி எறிந்துவிட்டனர். இழந்தவை எவையென்று இன்றும் தெரியவில்லை.

அன்றே ஓர் ஏடு தொடங்கினோம். பாட்டின் பெயர் மட்டும் போதாது. ஒரே பாடகர் அதே பாட்டை இருமுறை பதிந்திருக்கலாம். தட்டின் நடுவே ஒட்டிய சீட்டிலுள்ள எண்ணையும், அதன் விளிம்பருகே தட்டிலேயே பொறித்த பதிவெண்ணையும் குறித்தல் வேண்டும்.

நம் பிள்ளைகளுள் தமிழ் படிக்க அறியாதோர் உளர். அவர்கள் பயிலும் எழுத்திலும் எழுதி வைப்போம். இல்லையேல், நமக்குப்பின் இவை பழைய சாமான் கடைக்கே போகும்.