உழைப்பும் விளைவும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் அன்னையார் நாற்று நட்டு எங்களை வளர்த்தவர். விடியுமுன் வயலில் இறங்கிப் பொழுது சாயும்வரை முதுகு நிமிராது உழைத்தவர். "உழைத்தால் உயரலாம்" என்று மேடைகளில் கேட்கும்போதெல்லாம் அவர் நினைவே எனக்கு வரும். அவரைவிட உழைத்தவர் யார்? ஆயினும் அவர் உயரவில்லையே, ஏன்? இவ்வினாவுக்குப் பொருளியல் தரும் விடையை உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒருவரது ஒரு நாள் உழைப்பால் கிடைக்கும் விளைவையே உற்பத்தித்திறன் என்பர். அது சிந்திய வியர்வையின் அளவன்று. ராபர்ட் சோலோ என்னும் அமெரிக்க அறிஞர் 1957ஆம் ஆண்டில் தம் நாட்டின் கணக்கை ஆராய்ந்து வெளியிட்டார். 1909 முதல் 1949 வரை, ஒரு மணி நேர உழைப்பின் விளைவு அங்கே இருமடங்காயிற்று. அவ்வுயர்வில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே மூலதனப் பெருக்கத்தால் வந்தது. எஞ்சியது தொழில்நுட்ப முன்னேற்றத்தால் வந்தது என அவர் கணித்தார்.

இவ்வுயர்வின் ஊற்றுகள் தொழிலுக்குத் தொழில் வேறுபடும். வேளாண்மையில் விதையும் நீரும் உரமும் முதன்மையானவை. 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 நெல் குட்டையானது. உரம் மிகுந்தாலும் சாயாது கதிர் தாங்கியது. ஆலையில் மின்விசையும் இயந்திரமும், அவற்றை இயக்கும் பயிற்சியும் வேண்டும். கணினித் தொழிலிலோ கல்வியே பெருமுதல். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. விளைச்சல் பெருகினாலும் நட்ட கைக்குக் கூலி மட்டுமே கிடைத்தது. பெருகிய நெல் நிலமுடையவர் களஞ்சியத்தையே சேர்ந்தது.

மற்றோர் ஊற்றும் உண்டு. அது மக்கள் தொழில் மாறுதல். இன்றும் இந்தியாவில் உழைப்போருள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் வேளாண்மையில் உள்ளனர். நாட்டு வருவாயில் அதன் பங்கோ ஐந்தில் ஒன்றையும் எட்டவில்லை. எனவே, விளைவு குறைந்த தொழிலிலிருந்து விளைவு மிகுந்த தொழிலுக்கு ஒருவர் பெயரும்போது, அவரோடு நாடும் உயர்கின்றது. நாற்றங்காலிலேயே நெருங்கி நிற்கும் நாற்று செழிக்குமா? பெயர்த்து நட்டாலன்றோ தூர் கட்டும்!

அண்ணல் அம்பேத்கர் இதனை 1918ஆம் ஆண்டிலேயே உணர்த்தினார். இந்தியாவின் சிறு நில உடைமை பற்றிய கட்டுரையில், நிலத்தின் சிறுமையே நோயன்று; மூலதனக் குறைவும், நிலத்தையே நம்பி முடங்கிய மிகையான உழைப்புமே நோய்; தொழில்மயமாதலே மருந்து என்று வாதிட்டார். ஒருவர் வேறு தொழிலுக்குப் பெயர்வதைச் சாதி தடுக்கின்றது என்பதை 1936இல் சாதி ஒழிப்பு பற்றிய நூலில் எடுத்துக்காட்டினார். ஆகவே, சாதி நம்மை மட்டும் தாழ்த்தவில்லை. நாட்டின் உற்பத்தியையும் தாழ்த்துகின்றது.

இளைஞர்களே! பத்தாம் வகுப்போடு நின்று கூலிக்குச் செல்லாதீர்கள். தொழிற்பயிற்சி நிலையமோ, பாலிடெக்னிக்கோ, கல்லூரியோ, ஒன்றில் சேருங்கள். படிப்பு மட்டும் போதும் என்று நான் கூறேன். வங்கிக் கடனையும் வேலைவாய்ப்பில் நமக்குரிய பங்கையும் சங்கமாய் நின்று கேட்டுப் பெறல் வேண்டும்.

என் அன்னையார் உழைப்பில் குறைந்தவரல்லர். கல்வியும் கருவியும் நிலமும் அவருக்கு மறுக்கப்பட்டன. அம்மறுப்பு உங்களோடு முடிவதாக.