கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்

(ஓசூரில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தை பிறந்துவிட்டால் ஓசூர் லைன் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளைக்கு மூன்று வயது ஆகிறது; எந்தப் பள்ளியில் சேர்ப்பது? சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர் கேட்கிறார். கெலமங்கலத்துப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குப் பூப் பறிக்கிற தாய் கேட்கிறாள். கிருஷ்ணகிரியில் கல் உடைக்கிறவரும் கேட்கிறார். இந்தக் கேள்வியில் தவறு ஏதுமில்லை. தான் பட்ட பாட்டைத் தன் பிள்ளை படக்கூடாது என்று எண்ணாத தொழிலாளி உண்டா?

நம்மில் பலருடைய கண் சர்ச் நடத்துகிற பழைய ஆங்கிலப் பள்ளிகளின் மீது விழுகிறது. ஒரு தோழர் என்னிடம் சொன்னார்: "அது சேவைக்காக நடத்துகிற பள்ளி தோழர். ஏழைக்கு இடம் கொடுப்பார்கள். இல்லாவிட்டாலும் சட்டப்படி 25 சதவீதம் நமக்குத்தானே?"

இந்தப் பேச்சில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, இப்படிப்பட்ட பள்ளிகள் எல்லாம் ஏழைக்காக ஏற்பட்டவை என்பது. இரண்டு, சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிடும் என்பது. நகையை அடகு வைப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் உரைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு விதப் பள்ளிகள்

ஆங்கிலிக்கன் சபை என்பது இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபை. தென்னிந்தியாவில் அந்தச் சபை 1947 செப்டம்பர் 27ந் தேதி மெதடிஸ்டு முதலிய வேறு சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. நாம் சி.எஸ்.ஐ. என்று சொல்வது அதைத்தான்.

இந்தச் சபையார் நம் நாட்டில் இரண்டு விதமான பள்ளிகளைக் கட்டினார்கள். திருநெல்வேலிச் சீமையில் பனை ஏறுகிறவர்களின் ஊர்களில் கட்டியது ஒரு விதம். இடையன்குடிக்கு 1841ல் வந்த கால்டுவெல், பனங்காட்டு மணலில் பள்ளிக்கூடம் நடத்தினார். பெண் பிள்ளைகளும் படித்தார்கள். நாசரேத்தில் தொழிற்பள்ளி வந்தது. கோயில் தெருவில் நடக்கவே விடப்படாத ஜனங்களின் பிள்ளைகள் அங்கே சிலேட்டைக் கையில் எடுத்தார்கள். இதை மறுப்பவன் சரித்திரத்தை மறுப்பவன்.

இன்னொரு விதத்தையும் பாருங்கள். 1857ல் வட இந்தியச் சிப்பாய்களும் விவசாயிகளும் கம்பெனி ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். எழுச்சி அடக்கப்பட்ட பிறகு, ஆங்கிலேயரைக் காப்பாற்றியதற்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்த 1859ல் வழிபாடு நடத்தினார்கள். அதில் திரட்டிய காணிக்கையைக் கொண்டு சிம்லாவில் ஒரு பள்ளியைத் தொடங்கியவர் கல்கத்தா பிஷப் காட்டன். ஐரோப்பியர் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்பதே அவருடைய திட்டம். 1865ல் பெங்களூரிலும் அவர் பெயரில் ஒரு பள்ளி எழுந்தது. தளபதி திம்மய்யா படித்தது அங்கே. தமிழகத்தின் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா சிறு வயதில் படித்தது அதே பெயருள்ள பெண்கள் பள்ளியில்.

ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். ஆனால் இடையன்குடிப் பள்ளிக்கும் காட்டன் பள்ளிக்கும் இடையே இருக்கும் தூரம் கிலோமீட்டரில் அளக்கிற தூரமல்ல. சபை ஒன்று, வேதப் புத்தகம் ஒன்று, ஆனால் பள்ளி யாருக்காக என்பது வேறு. ஆகவே "சர்ச் பள்ளி" என்ற பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009ல் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களைச் சுற்று வட்டாரத்து ஏழைப் பிள்ளைகளுக்கும், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பொறுக்கி எடுக்கக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த ஒவ்வொரு தடவையும் 50,000 ரூபாய் வரை. நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். நல்ல சட்டம். போராடிப் பெற்ற சட்டம்.

ஆனால் 2012ல் உச்ச நீதிமன்றம், அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றது. 2014 மே 6ந் தேதி ஐந்து நீதிபதிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் எந்தச் சிறுபான்மைப் பள்ளிக்கும் இந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். மதச் சிறுபான்மை மட்டுமல்ல, மொழிச் சிறுபான்மையும் இதில் அடங்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுகிற நம் ஓசூரில் இதை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் அர்த்தம் என்ன? சிறுபான்மை அந்தஸ்து பெற்ற சி.எஸ்.ஐ. பள்ளியில் 25 சதவீதம் என்று சட்டப் புத்தகத்தைக் காட்டி நீங்கள் உரிமை கேட்க முடியாது. பெற்றோரை உட்காரவைத்து அவர்கள் கேள்வி கேட்டால், இந்தச் சட்டத்தைக் கொண்டு தடுக்கவும் முடியாது. 2025 செப்டம்பர் 1ந் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அந்த 2014 தீர்ப்பு சரிதானா என்று சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள். பெரிய அமர்வு வேறு விதமாகச் சொல்லும் வரை பழைய தீர்ப்பே செல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிறுபான்மை மக்கள் தங்கள் பள்ளியைத் தாங்கள் நடத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 30ஆவது ஷரத்தில் இருக்கிறது. அது இருக்கத்தான் வேண்டும். அதைப் பிடுங்க நினைப்பவர்களோடு நமக்கு உறவில்லை. நாம் கேட்பது வேறு. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021ல் வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மைப் பள்ளிகளில் படிப்போரில் 62.50 சதவீதம் சிறுபான்மையல்லாதார் பிள்ளைகள் என்கிறது. பொருளாதாரத்தில் பின்தங்கிய பிள்ளைகள் 8.76 சதவீதம் மட்டுமே. அப்படியானால் அந்த உரிமையின் நிழலில் உட்கார்ந்திருப்பது யார்? ஏழைக் கிறிஸ்தவத் தொழிலாளியின் பிள்ளையா? இல்லை. பணம் உள்ளவன் பிள்ளை. அவன் எந்த மதம் என்பதைப் பணப்பெட்டி கேட்பதில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

சிறுபான்மை அந்தஸ்து இல்லாத தனியார் பள்ளியில் தமிழ்நாட்டில் என்ன நிலைமை? இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31ல் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். நலிந்த பிரிவில் கேட்பவர் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் என்று தாசில்தாரிடம் சான்று வாங்க வேண்டும். மாதக் கணக்கில் சுமார் 16,666 ரூபாய். ஓவர்டைம் செய்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட குற்றத்துக்காக எத்தனை பேர் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள்! வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் கேட்பவர் சாதிச் சான்று வைக்க வேண்டும். மனு அதிகமானால் குலுக்கல். தளி, அஞ்செட்டி மலைக் கிராமத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளிக்கு எங்கே போவது? விவசாயத் தொழிலாளிக்கு இந்தச் சட்டம் அச்சடித்த காகிதம்தான்.

அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேறு கதை. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் கிடையாது என்று கர்நாடக அரசு 2019 ஜனவரியில் விதியைத் திருத்தியது. அங்குள்ள உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு அதை ஏற்றுக்கொண்டது. பெங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போய்க் குடியேறுகிற தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2025ல் நடந்ததையும் மறக்கக்கூடாது. புதிய கல்விக் கொள்கையை ஏற்காததற்காக மத்திய அரசு தமிழ்நாட்டுக்குக் கொடுக்கவேண்டிய கல்விப் பணத்தை நிறுத்தி வைத்தது. வழக்கமாக ஏப்ரலில் திறக்கும் சேர்க்கை திறக்கவில்லை. பணம் வந்த பிறகு அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவும், அதற்குள் பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளில் தகுதியுள்ளவர்களுக்கு! ஜூனில் பணம் கட்டியவனுக்கு அக்டோபரில் சலுகை. ஜூனில் கட்ட முடியாதவனுக்கு? ஏழைக்கென்று வைத்த இடத்தில் உட்காரக்கூட முதலில் பணம் வேண்டியிருந்தது.

நான்கு கேள்விகள்

ஆகவே விண்ணப்பத் தாளில் கையெழுத்துப் போடுமுன், பள்ளி அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: இது அரசு உதவி பெறும் பள்ளியா, சுயநிதிப் பள்ளியா? ஒரே திருச்சபை இரண்டையும் நடத்தும். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் மக்கள் வரிப்பணம். அங்கே தமிழ் வழியில் பிள்ளையைச் சேர்க்க நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது: சிறுபான்மை அந்தஸ்து உண்டா? உண்டு என்றால் 25 சதவீதத்தை நம்பி வேறு பள்ளியில் மனுச் செய்யாமல் இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது: கட்டணக் குழு நிர்ணயித்த தொகை என்ன? தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எந்தத் தொகைக்கும் ரசீது கேளுங்கள். ரசீது தராத கை எதையோ மறைக்கிற கை.

நான்காவது: இலவசம் எந்த வகுப்பு வரை? 25 சதவீதத்தில் சேர்ந்தாலும் எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம். பதினான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டாளிகளிடமிருந்து பிரிக்க மனமில்லாமல் கந்துவட்டிக்காரனிடம் போகிற தகப்பன்மார் உண்டு. இன்றே கணக்குப் போடுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020ல் வந்தது. 2021ல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. 25 சதவீதத்தில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கும் இது உண்டு. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு இல்லை. அரசுப் பள்ளி என்றால் கதியற்றவன் போகிற இடம் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

நாம் செய்யவேண்டியது

ஆங்கிலத்தை விரும்புவது பாவமல்ல. கம்பெனி வாசலில் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குத் தலைகுனிந்தவனுக்குத்தான் அதன் வலி தெரியும். அந்த ஆங்கிலத்தை நம் ஊர் அரசுப் பள்ளியிலேயே ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கச் செய்ய வேண்டும். 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கமிஷன் சொன்னது என்ன? பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே அண்மைப் பள்ளியில் உட்கார வேண்டும், தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்றது. அது நாம் எழுதிய கோரிக்கை அல்ல. அரசாங்கமே நியமித்த கமிஷன் சொன்னது. இத்தனை காலமாகியும் நிறைவேறவில்லை.

தனியாருக்குப் போகிற குடும்பத்தை நாம் ஏச வேண்டாம். அவர்களுக்கு உதவுவோம். சங்க அலுவலகத்தில் சேர்க்கைக் காலத்தில் ஒரு மேசை போடுங்கள். படித்த இளந்தோழர் ஒருவர் இணைய மனு எழுதிக் கொடுக்கட்டும். வருமானச் சான்றுக்குத் தாலுகா ஆபீசுக்கு ஒற்றை ஆளாகப் போகவிடாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். அதே பத்துப் பேர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிலும் உட்காருங்கள். ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் கேளுங்கள். கழிப்பறை இல்லையென்றால் கேளுங்கள்.

கூலியைக் கூட்டிக் கேட்கத் தெரிந்த நமக்குப் பள்ளியைக் கேட்கத் தெரியாதா? தொழிலாளி பிள்ளையின் படிப்பு ஒரு பிஷப்பின் கருணையிலும் குலுக்கல் சீட்டிலும் தொங்கவேண்டிய பொருளல்ல. அது கூலியைப் போல உரிமை. கேட்போம், கூடிக் கேட்போம்.